பந்து கைநழுவாமல் ஓடப் பழக்குவது எப்படி

ஓடுகிற பிள்ளை கையை வீசித்தான் ஓடும். விழுகிற பிள்ளை கையை ஊன்றித்தான் விழும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்பு தானாகச் செய்கிற வேலை இது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்போலில் நான் பார்த்த ஃபம்பிள்களில், அதாவது ஓடுபவர் பந்தைத் தவறவிட்ட தடவைகளில், பெரும்பாலானவை இந்த இரண்டால் வந்தவைதான். அதனால் கரையில் நின்று "இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடி" என்று கத்துவதில் பலனில்லை. கைக்கு வேறொரு பழக்கத்தைக் கொடுக்கவேண்டும்.

நான் பதினொரு வருடம் நியூ ஜேர்சியில் இருந்தேன். அங்கே மகன் ஆடிய சிறுவர் அணியில், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் பிள்ளைகளைப் பழக்க ஐந்து பருவம் உதவிக்கு நின்றேன். ஊருக்குத் திரும்பும்போது பெட்டிக்குள் மூன்று பந்தும் வந்தன. இப்போது சனி, ஞாயிறு பின்னேரங்களில் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்கு இருபது பிள்ளைகள் வருகிறார்கள். அதில் ஏழு பேர் பெண்பிள்ளைகள். தலைக்கவசமும் தோள்கவசமும் எங்களிடம் இல்லை. ஆகவே மோதி வீழ்த்தும் ஆட்டம் ஆடுவதில்லை. இடுப்பில் கட்டிய கொடியைப் பறிக்கும் ஆட்டம்தான். 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்திருக்கும் ஐவர் ஆட்டமும் இதுதான்.

கொடி ஆட்டத்தில் பந்து நிலத்தில் பட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், எதிரணி எடுத்துக்கொண்டு ஓட முடியாது. பிறகு ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு தகப்பன் கேட்டார். பிள்ளை நாளைக்கு மோதி வீழ்த்தும் முழு ஆட்டத்துக்குப் போகலாம், றக்பிக்கும் போகலாம். இன்று பழகிய கைதான் அங்கேயும் கூடப் போகும். அமெரிக்க விளையாட்டு மட்டக்களப்புக்குப் புதிதும் இல்லை. நியூ ஒர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் இங்கே கூடைப்பந்தை எப்படி வளர்த்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான பாதர் வெபரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

சரி, பிடிக்கு வருவோம். பெரியவர்கள் ஆடும் பந்து 11 அங்குலம் நீளம், எடை 14 முதல் 15 அவுன்ஸ், ஒரு இறாத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கென்று சிறிய பந்து இருக்கிறது, அதைத்தான் கொடுக்கவேண்டும். கைக்கு அடங்காத பந்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்வது நியாயமில்லை.

பந்துக்கு இரண்டு பக்கமும் கூர். முன்கூரை உள்ளங்கை மூடவேண்டும். சுட்டுவிரலும் நடுவிரலும் பருந்தின் நகம் போல விரிந்து அதன் மேல் கவ்வவேண்டும். முன்கை பந்தின் வெளிப்பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கும். பின்கூர் முழங்கை மடிப்புக்குள் புதைந்து மேல்கையில் அழுந்தும். பந்தின் உட்பக்கம் விலாவோடு அமர்ந்திருக்கும். விரல், உள்ளங்கை, முன்கை, மேல்கை, விலா என்று ஐந்து இடம். ஐந்து என்று எண்ணிக்கை சொன்னால் சின்னப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். "மழைக்குள்ள கொப்பி நனையாம ஓடுவீங்கதானே, அப்பிடி அணைங்க" என்றால் உடனே கை சரியான இடத்துக்குப் போகிறது. பிடித்தபிறகு நான் பின்னால் போய் நின்று, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே என் கையை நுழைத்துப் பார்ப்பேன். என் கை போனால் பந்தும் போகும்.

இன்னொன்று உயரம். மணிக்கட்டு எப்போதும் முழங்கையை விட மேலே நிற்கவேண்டும். கை தாழ்ந்தால் வீச்சு தொடங்கும், வீச்சு தொடங்கினால் விலாவை விட்டுப் பந்து விலகும். நியூ யோர்க் ஜயன்ட்ஸ் அணியின் டிக்கி பார்பர் நல்ல ஓட்டக்காரர், ஆனால் 2003 பருவத்தில் 9 தடவை பந்தைத் தவறவிட்டார். 2004இல் டொம் கோக்லின் தலைமைப் பயிற்றுநராக வந்தார். பந்தை உயர்த்தி, நெஞ்சோடு நெருக்கி வைக்கும்படி பார்பரின் பிடியையே மாற்றினார்கள். 2005 பருவம் முழுவதும் ஒரே ஒரு ஃபம்பிள். முப்பது வயதில் ஒரு மனிதன் கையின் பழக்கத்தை மாற்ற முடிந்தது என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் முடியாது?

வீச்சை விடக் கஷ்டமானது விழுகை. போன வருடம் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். தகப்பன் கரைவலைக்காரர். தானும் வலை இழுத்துப் பழகிய கை, பிடித்தால் இரும்பு. ஆனாலும் தடுக்கி விழும் நேரமெல்லாம் பந்து தனியே உருண்டு போகும். "நான் விடல்லயே சேர்" என்று அழும் நிலைக்கு வந்துவிட்டான். கைபேசியில் படம் எடுத்து மெதுவாக ஓடவிட்டு இரண்டு பேருமாகப் பார்த்தோம். பந்தை யாரும் தட்டவில்லை. கால் இடறிய கணத்திலேயே வலது உள்ளங்கை விரிந்து மணலைத் தேடிப் போகிறது. முழங்கால் மணலில் படுமுன்பே பந்து கையில் இல்லை. அவன் சொன்னது உண்மைதான், அவன் விடவில்லை. கை விட்டது.

அவனுக்குச் செய்ததைத்தான் இப்போது எல்லோருக்கும் செய்கிறேன். முதலில் முழங்காலில் நிற்கவைத்து, "மனே, மற்றக் கையையும் பந்துக்கு மேல போடு. இப்ப தோளால சாய்" என்பேன். இரண்டு கையும் பந்தில் இருக்கும்போது ஊன்றக் கை கிடையாது, வேறு வழியில்லாமல் தோளும் முதுகும் மணலை ஏற்றுக்கொள்ளும். நாடி நெஞ்சோடு சேர்ந்திருக்கவேண்டும், தலை நிலத்தில் அடிபடக்கூடாது. முழங்காலில் பயம் போனபிறகு குந்தி இருந்து, பிறகு நடையில், பிறகு மெல்லோட்டத்தில். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரமாவது கொடுங்கள். புல்தரையை விட மணல் இதற்கு மிக நல்லது. ஆனால் தொடங்குமுன் அந்த இடத்தை நடந்து பாருங்கள்; போத்தல் துண்டும் தூண்டில் முள்ளும் மணலுக்குள் கிடக்கும்.

எந்தக் கையில் பந்து? வெளிக்கையில், அதாவது எல்லைக்கோட்டுப் பக்கத்துக் கையில். எங்களுக்குக் கடல்தான் ஒரு பக்கத்து எல்லை. கடலோரம் ஓடினால் கடல் பக்கக் கை என்றால் விளங்கிவிடுகிறது. திசை மாறும்போது கையை மாற்றலாம், ஆனால் நெஞ்சுக்குக் குறுக்கே, இரண்டு கையும் பந்தில் இருக்க மாற்றவேண்டும். ஆட்கள் நெருங்கிவிட்டால் மாற்றவே கூடாது. மற்றக் கையை முன்கூரின் மேல் போட்டு மூடிக்கொண்டு போகவேண்டியதுதான்.

பறிப்பவர்களும் பழகியவர்கள் என்பதை மறக்கக்கூடாது. சிக்காகோ பெயார்ஸ் அணியின் சார்ள்ஸ் டில்மனுக்கு 'பீநட்', அதாவது கச்சான் என்று பட்டப்பெயர். ஓடுபவரைப் பிடிக்கும்போதே கைமுட்டியால் பந்தைக் குத்திவிடுவார். 2012 பருவத்தில் மட்டும் 10 ஃபம்பிள்களை உண்டாக்கினார். எங்கள் பிள்ளைகள் இந்தப் பயிற்சிக்குக் கச்சான் குத்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் பந்தோடு நேராக ஓட, பின்னால் வருபவர் சுருட்டிய துவாயால் பந்தை மட்டும் அடிக்கவேண்டும். அடி எங்கிருந்து வரும் என்று ஓடுபவர் திரும்பிப் பார்க்கக்கூடாது. அப்புறம் இரண்டு வரிசையாக ஆட்களை நிறுத்தி, தும்பு அடைத்த உரப்பைகளால் லேசாகத் தள்ளவிட்டு நடுவால் ஓடவிடுவேன். களைத்த கைதான் முதலில் தாழும் என்பதால் இதைப் பயிற்சியின் கடைசியில் வைக்கிறேன்.

பந்தைக் கைமாற்றும் இடம் சுருக்கமாக. வாங்குபவர், கொடுப்பவர் நிற்கும் பக்கத்து முழங்கையை நெஞ்சுக்குக் குறுக்கே உயர்த்தி, மற்றக் கையை வயிற்றருகே ஏந்தி, பந்துக்கு ஒரு வாயில் திறந்துவைக்கவேண்டும். பந்து உள்ளே வந்ததும் இரண்டு கையும் மூடும். கை நீட்டிப் பறிக்கவே கூடாது. 1978 நவம்பரில் ஜயன்ட்ஸ் அணி வென்றுகொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி விநாடிகளில், அந்த அணியின் ஜோ பிசார்சிக் தன் அணியின் லாரி சொங்காவுக்குக் கொடுத்த பந்து இருவருக்கும் நடுவே விழுந்தது. எதிரணியான ஈகிள்ஸின் ஹேர்ம் எட்வேர்ட்ஸ் அதை எடுத்து ஓடினார், ஆட்டமே கைமாறியது.

கார்த்திகை, மார்கழி மழைக்கும் முன்கூட்டியே ஆயத்தம் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் பழைய றப்பர் பந்தை முக்கி எடுத்து, ஈரத்தோடு ஓடவிடுங்கள். தோல் பந்தை உப்புத் தண்ணீரில் போட்டுக் கெடுக்கவேண்டாம்.

பந்தைத் தவறவிட்ட பிள்ளையை நான் வெளியே இருத்துவதில்லை. அடுத்த ஓட்டமும் அவருக்குத்தான். பயந்த கை இறுகும், இறுகிய கைக்கு அடி வாங்கி வளையத் தெரியாது. அதற்குப் பதிலாக, பந்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். சனி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை, சாப்பாடும் நித்திரையும் தவிர்ந்த நேரமெல்லாம் கக்கத்தில் பந்து. வீட்டில் யாரும் எப்போதும் பறிக்கலாம்.

அந்தக் கரைவலைக்காரரின் மகன் போன மாதம் ஞாயிறு வந்து, "அம்மம்மா பறிச்சிட்டா சேர்" என்றான். எப்போது என்று கேட்டேன். தேத்தண்ணி வாங்கக் கை நீட்டும்போதாம். பந்து இருந்த கையைத்தான் நீட்டியிருக்கிறான். அன்றைக்கு ஓட்டத்துக்கு முன்னால் அவனுக்கு வேறொரு வேலை. ஒரு தண்ணீர்ப் போத்தலை அவன் முன்னால் நீட்டினேன். இடது கையால் வாங்கவேண்டும், வலது முழங்கை விலாவை விட்டு அசையக்கூடாது. இருபது தடவை. பிறகு பந்தைக் கை மாற்றி, இன்னும் இருபது.