பல ப்ராஜெக்ட்ட ஒரே ரெப்போல வைக்கணுமா, இப்படி ஆரம்பிங்க

ஃப்ரண்ட்எண்ட் ஒரு ரெப்போ (கிட்ல கோடும் அதோட ஹிஸ்டரியும் இருக்குற இடம்), பேக்எண்ட் ஒரு ரெப்போ, ரெண்டுக்கும் பொதுவான டைப்ஸ் இன்னொரு ரெப்போன்னு இருந்தா ஒரு ஃபீல்டு பேர மாத்தவே மூணு புல் ரிக்வெஸ்ட் போடணும், எது முதல்ல மெர்ஜ் ஆகணும்னு பாக்கணும், நடுவுல ஒரு வெர்ஷன் பப்ளிஷ் வேற பண்ணணும். மோனோரெப்போல, அதாவது எல்லா ப்ராஜெக்ட்டும் ஒரே ரெப்போல இருந்தா, இது ஒரே கமிட். எனக்கு மோனோரெப்போ இவ்ளோ பிடிக்க காரணமே இதுதான். ஆனா எல்லா ஃபோல்டரையும் ஒரே இடத்துல கொட்டிட்டா மட்டும் போதாது, எது எத நம்பி இருக்குன்னு டூலுக்கும் தெரியணும், டீமுக்கும் தெரியணும்.

ஃபோல்டர் அமைப்ப சிம்பிளா வைங்க. டிப்ளாய் ஆகுறது எல்லாம் ஆப்ஸ் ஃபோல்டர்ல, மத்தவங்க இம்போர்ட் பண்றது எல்லாம் பேக்கேஜஸ் ஃபோல்டர்ல. ஆப் பேக்கேஜ இம்போர்ட் பண்ணலாம், பேக்கேஜ் ஆப்ப தொடவே கூடாது, ஒரு ஆப் இன்னொரு ஆப்பையும் தொடக்கூடாது. வாயால சொன்னா யாரும் ஃபாலோ பண்ண மாட்டாங்க, லிண்ட் ரூலா (கோட தானா செக் பண்ற டூலோட ரூல்) போட்டு பில்ட ஃபெயில் ஆக வைங்க. அப்புறம் தயவுசெஞ்சு ‘காமன்’னு ஒரு பேக்கேஜ் மட்டும் வேணாம், எல்லாமே அத நம்பி நிக்கும், அதுல ஒரு வரி மாத்தினாலும் எல்லா ப்ராஜெக்ட்டும் மறுபடி பில்ட் ஆகும்.

பழைய ரெப்போவ கொண்டு வரும்போது ஹிஸ்டரிய விட்டுடாதீங்க. புதுசா ஒரு க்ளோன் எடுத்து, கிட் ஃபில்டர்-ரெப்போ டூல்ல டு-சப்டைரக்டரி-ஃபில்டர் ஆப்ஷன் குடுத்தா பழைய கமிட் எல்லாம் ஆரம்பத்துலேந்தே அந்த ஃபோல்டருக்குள்ள இருந்த மாதிரி மாறிடும். டேக் பேரையும் அப்பவே மாத்திடுங்க, ஏன்னா ரெண்டு ரெப்போலயும் வி1.0 இருந்தா முட்டிக்கும். அடுத்து அத ரிமோட்டா சேர்த்து, ஃபெட்ச் பண்ணி, அலவ்-அன்ரிலேட்டட்-ஹிஸ்டரீஸ் குடுத்து மெர்ஜ் பண்ணுங்க. கமிட் ஹேஷ் எல்லாம் மாறிடும், அதனால பழைய ரெப்போவ அழிக்காம ஆர்க்கைவ்ல போட்டு வைங்க.

ஜாவாஸ்க்ரிப்ட்னா பிஎன்பிஎம்ங்குற பேக்கேஜ் மேனேஜரோட வொர்க்ஸ்பேஸே ஆரம்பத்துக்கு தாராளம். உள்ள இருக்குற பேக்கேஜுக்கு வெர்ஷன் நம்பருக்கு பதிலா ‘வொர்க்ஸ்பேஸ்:*’னு போட்டா லோக்கல்ல இருக்குறத மட்டும்தான் எடுக்கும்.

பெரும்பாலானவங்க மாட்டிக்கிறது சிஐ-ல (கோட் புஷ் பண்ணினா பில்டும் டெஸ்ட்டும் தானா ஓடுறது) தான். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணினா ஒரே மாசத்துல டீமே வெறுத்துடும். மாறின பேக்கேஜ், அத நம்பி இருக்குற பேக்கேஜ், இதுங்கள மட்டும் ஓட்டணும், டர்போரெப்போ, என்எக்ஸ் மாதிரி மோனோரெப்போ டூலும் பிஎன்பிஎம்மோட ஃபில்டரும் இத செய்யும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல செக்அவுட் ஸ்டெப் டீஃபால்ட்டா கடைசி கமிட்ட மட்டும்தான் எடுக்கும், அப்ப மெயின் ப்ராஞ்சோட கம்பேர் பண்ண எதுவும் இருக்காது, அதனால ஃபெட்ச்-டெப்த் 0 குடுங்க, முழு ஹிஸ்டரியும் வரும். இன்னொன்னு, பாத் ஃபில்டரால (இந்த ஃபோல்டர் மாறினா மட்டும் ஓடுன்னு சொல்ற செட்டிங்) ஸ்கிப் ஆன வொர்க்ஃப்ளோ, மெர்ஜுக்கு கட்டாயமான ரிக்வயர்டு செக்கா இருந்தா அது பெண்டிங்லயே நிக்கும், மெர்ஜ் பண்ண முடியாது. வொர்க்ஃப்ளோ எப்பவும் ஓடட்டும், எது தேவைன்னு உள்ள இருக்குற ஜாப் முடிவு பண்ணட்டும்.

எந்த ஃபோல்டர யார் ரிவ்யூ பண்ணணும்னு சொல்ற கோட்ஓனர்ஸ் ஃபைல்ல கடைசியா மேட்ச் ஆகுற வரிதான் செல்லும், அதனால பொதுவான ரூல் மேல, குறிப்பான ரூல் கீழ.

சைஸ பத்தி இப்பவே பயப்படாதீங்க. கூகுளோட ரெப்போ 2015 ஜனவரில சுமார் 86 டெராபைட், அதுக்குன்னே பைப்பர்னு தனி சிஸ்டம் கட்டினாங்க, நமக்கு அந்த அளவு வராது. கனமா தெரிஞ்சா பார்ஷியல் க்ளோன் (ஃபைல தேவைப்படும்போது மட்டும் இறக்குறது), அப்புறம் 2020-ல கிட் 2.25-ல வந்த ஸ்பார்ஸ்-செக்அவுட் கமாண்ட், ரெண்டையும் சேர்த்து யூஸ் பண்ணுங்க, வேணுங்குற ஃபோல்டர் மட்டும் டிஸ்க்ல வரும்.

ஆனா கிட்ல ஃபோல்டர் வாரியா ரீட் பெர்மிஷன் கிடையாது, ரெப்போவுக்குள்ள வந்தவங்க எல்லாத்தையும் பாக்கலாம். வெளி ஆளுங்க பாக்கக்கூடாத கோட் ஏதாவது இருந்தா அத மட்டும் தனி ரெப்போலயே விட்டுடுங்க.