பிளைவுட்டில் பெரிய மீன்தொட்டி: முதலில் எடை, பிறகு ரம்பம்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். முழுக்கக் கண்ணாடியில் இந்த அளவுத் தொட்டி வாங்கினால் செலவு கையைக் கடிக்கும். முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்ற பக்கங்கள் பிளைவுட் என்று நாமே கட்டிக்கொள்ளலாம். நேராக அறுக்கவும் காயும்வரை காத்திருக்கவும் முடிந்தால் போதும்.

பலகை வாங்கும் முன்பே இடத்தை முடிவு செய்யுங்கள். இந்தத் தொட்டி விளிம்புவரை நிரம்பினால் ஏறத்தாழ 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. மணல், கல், தாங்கி சேர்ந்தால் 800 கிலோவைத் தாண்டும். தரைத்தளம்தான் நல்லது. மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால் அறை நடுவே வேண்டாம். சுமை தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள். மரத்தளமாக இருந்தால் உத்தரங்களுக்குக் குறுக்கே நிற்கட்டும். எதற்கும் ஒரு கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். நேர் வெயில் விழும் இடம் பாசியை வளர்க்கும், அதுவும் வேண்டாம்.

18 மி.மீ. மரைன் பிளைவுட் (ஈரத்தைத் தாங்கும் பசையால் அடுக்குகள் ஒட்டிய வகை) வாங்குங்கள். அறுத்த ஓரத்தில் அடுக்குகளுக்கு இடையே பொந்து தெரிந்தால் அந்தப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்பலகையில் சுற்றிலும் 3 அங்குலம் விட்டு ஜன்னல்போல வெட்டுங்கள். இணைப்புகளில் நீர்புகாப் பசை தடவி, 15 செ.மீ.க்கு ஒரு துருப்பிடிக்காத திருகாணி போடுங்கள். மேல்விளிம்பைச் சுற்றி ஒரு சட்டமும் நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் கட்டாயம். நீளப்பக்கம் ஒவ்வொன்றையும் தண்ணீர் சுமார் 340 கிலோ விசையோடு வெளியே தள்ளும். தொட்டியின் அகலத்தைக் குறைத்தாலும் இந்த விசை குறையாது. ஆழத்தையோ நீளத்தையோ குறைத்தால்தான் குறையும்.

இனி எபாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் இறுகி நீர்புகாத் தோலாகும் பிசின். தொட்டி நிற்பதும் கசிவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. கரைப்பான் கலக்காத வகையை வாங்கி, அதை இறுகவைக்கும் திரவமான ஹார்டனரை டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். மொத்தமாகக் கலந்தால் கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். கையுறையும் காற்றோட்டமும் அவசியம். உள்மூலைகளில் கண்ணாடியிழைப் பட்டையை எபாக்சியில் ஊறவைத்து ஒட்டுங்கள். மரம் அசையும்போது முதலில் விரிசல் விடுவது மூலைதான். பிறகு மூன்று பூச்சு. முந்தைய பூச்சு இறுகியபின் அடுத்ததைப் பூசுவதானால், மேலே படிந்த பிசுக்கைத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கினால்தான் அடுத்த பூச்சு பிடிக்கும்.

என் முதல் தொட்டியில் ஒரு மூலையில் குண்டூசி முனை அளவு துளை இருந்தது. மேலிருந்து பார்த்தபோது தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்தபோது கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. கடைசிப் பூச்சுக்கு முன் நீங்களும் ஒவ்வோர் அங்குலத்தையும் இப்படிப் பாருங்கள். கடைசிப் பூச்சும் பூசியபிறகு ஒரு வாரம் காயவிடுங்கள்.

கண்ணாடி 12 மி.மீ. இருக்கட்டும். ஜன்னலின் உட்புறமிருந்து, சுற்றிலும் 2 அங்குலம் சட்டத்தின்மேல் படியும்படி வையுங்கள். அப்போதுதான் தண்ணீரே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காத சிலிகான் பசையே வேண்டும், மருந்து மீனுக்கு விஷம். கண்ணாடியை ஒரேயடியாக அழுத்தி சிலிகானைப் பிதுக்கிவிடாதீர்கள், 3 மி.மீ. கனமாவது மிஞ்ச வேண்டும். சிலிகான்மேல் எபாக்சி ஒட்டாது என்பதால் பூச்சு வேலை முழுவதும் முடிந்தபிறகே இது. இதற்கும் ஒரு வாரம்.

முதல் சோதனையைத் தண்ணீர் கொட்டினாலும் கெடாத சமதளத்தில் செய்யுங்கள். கால் தொட்டி நிரப்பி ஒரு நாள், அரைத் தொட்டிக்கு ஒரு நாள், பிறகு முழுவதும் நிரப்பி ஒரு வாரம். அடியிலும் மூலைகளிலும் உலர்ந்த செய்தித்தாளை விரித்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். முன்விளிம்பில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, பலகை வெளியே வளைகிறதா என்று நாள்தோறும் அளந்து பாருங்கள்.

பிறகு வடித்துவிட்டு, குறித்த இடத்தில் தாங்கியை ரசமட்டம் வைத்துச் சமமாக்குங்கள். தொட்டியின் அடிப்பலகை முழுவதும் தாங்கிமேல் படிய வேண்டும், நான்கு மூலைகள் மட்டும் அல்ல. மின்கம்பிகள் பிளக்குக்கு முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். கம்பியில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் உள்ள இணைப்பாகவும் இருக்கட்டும். மணல் போட்டு, நிரப்பி, வடிகட்டியை ஓட்டி, அம்மோனியா கொஞ்சம் சேர்த்து, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்தை முறிக்கும் நல்ல பாக்டீரியாக்களை வளரவிடுங்கள். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சேர்த்த அம்மோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்ஜியத்துக்கு இறங்கும்போது முதல் மீனை விடலாம்.