பரணில் கிடக்கும் கூடையைச் சுவருக்குக் கொண்டுவருவது எப்படி?

குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் ஆயாவின் ஓட்டு வீட்டில் பரணைக் காலி செய்தபோது கிடைத்தவை இவை: மூன்று மூங்கில் கூடைகள், ஒரு முறம், ஈச்ச ஓலைப் பெட்டி, பித்தளைத் தவலை, படி, உழக்கு போன்ற அளவைப் பாத்திரங்கள், கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கு. எடைக்குப் போட ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் வேலூரில் உள்ள எங்கள் வாடகை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அவற்றைக் கூடத்தில் வைத்த விதத்தை, செய்த தவறுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதல் படி: பொருள் சேர்ப்பது

கடைக்குப் போகும் முன் உறவினர் வீட்டுப் பரண்களைக் கேட்டுப் பாருங்கள். அடுத்தது பாத்திரக் கடைகள். புதியது வாங்க வருபவர்கள் பழைய பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அது உருக்கப் போகும் முன் கேட்டால், எடைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுப்பார்கள். மாட்டு மணி, சலங்கை மீது ஆசை இருந்தால் செவ்வாய்க்கிழமை கூடும் பொய்கை மாட்டுச் சந்தைப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. சிலை, கோயில் பொருள், ஓலைச்சுவடி என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பங்களும் 75 ஆண்டு கடந்த முக்கியமான சுவடிகளும் தொல்பொருள் கணக்கில் வரும். நமக்குக் கூடையும் குண்டானும் போதும்.

இரண்டாம் படி: பூச்சி பார்ப்பது

பலரும் தாண்டிப் போகும் படி இதுதான். மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. அதைத் தேடித்தான் வண்டு துளைக்கிறது. கூடையை வெள்ளைத் தாளின் மேல் வைத்து மெல்லத் தட்டுங்கள். முகப்பவுடர் போல மஞ்சள் பொடி உதிர்ந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். அந்தக் கூடையை அப்படியே வீட்டுக்குள் வைத்தால் மரக் கட்டிலும் அலமாரியும் அடுத்த பலி ஆகலாம்.

சிறிய கூடை என்றால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கூடைமேல் நீர் கோத்துக்கொள்ளும். என் பெரிய கூடை ஃப்ரீசருக்குள் நுழையவில்லை. கறுப்புப் பையில் கட்டிக் கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் போட்டேன். வேலூர் வெயிலைத் திட்டாமல் பயன்படுத்திக்கொண்ட ஒரே நாள் அது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் வெள்ளைத் தாள் சோதனை செய்யுங்கள். பொடி உதிராவிட்டால் பூச்சி ஒழிந்தது.

மூன்றாம் படி: துடைப்பது

வெறும் மூங்கில் கூடைக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். பின்னலின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் சிம்பு பெயரும். பிசுக்கு இருந்தால் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் காய வையுங்கள்.

முறம் தனிக்கதை. நெல் இடுக்கில் சிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் வெந்தயமும் ஊறிய காகிதமும் சேர்த்து அரைத்து முறத்தின்மேல் மெழுகுவார்கள். எனக்கு அது தெரியாது. அழுக்கு என்று நினைத்து வாளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். காலையில் வாளியில் கூழ் மிதந்தது; முறம் சல்லடையாகியிருந்தது. "முறத்தை யாராவது தண்ணீரில் போடுவார்களா?" என்று கேட்ட ஆயா, அன்று மாலையே வெந்தயத்தை ஊற வைத்து மெழுகக் கற்றுக்கொடுத்தார். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, வெந்தயத்தோடு மையாக அரைத்து, மெல்லிய பூச்சாகக் கையால் தடவிக் காயவிட வேண்டும். முதல் பூச்சு வெடிக்கும், இரண்டாவது பிடித்துக்கொள்ளும். இப்போது அந்த முறத்துக்கு ஒரு வெளிர் பழுப்பு நிறம் வந்திருக்கிறது. எந்த வார்னிஷும் அந்த நிறத்தைத் தராது. வார்னிஷே வேண்டாம் என்பது என் கட்சி.

பித்தளைக்குப் புளியும் உப்பும்தான். புளியைத் தேய்த்தால் நன்றாக அலசி உடனே துடைத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் பச்சைக் களிம்பு பூக்கும். பளபளவென்று துலக்கிப் புதிதாக்க வேண்டியதில்லை. என் தவலையின் வயிற்றை மட்டும் துலக்கினேன், கழுத்துப் பள்ளத்தில் இருந்த கருமையை விட்டுவிட்டேன். விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் அதனால்தான் தெளிவாகத் தெரிகிறது. சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தால் அந்தப் பக்கம் முன்னால் இருக்கட்டும். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். ஈயப்பூச்சு போன பாத்திரத்தை அழகுக்கு மட்டும் வையுங்கள், சமைக்க வேண்டாம்.

நான்காம் படி: அடுக்குவது

சுவரில் ஆணி அடிக்கும் முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள். பெரிய கூடையை நட்டநடுவில் வைக்காமல் சற்று இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி வையுங்கள். சிறியவை அதன் தோளோரம் ஒட்டி வரட்டும். இடைவெளி இரண்டு மூன்று அங்குலம் போதும். கூடைக் கூட்டத்தின் மையம் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் அமைந்தால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நேராக வரும். சாக்பீஸால் சுவரில் குறித்துக்கொண்டு, கூடையின் விளிம்பில் மீன்பிடி நரம்பைக் கட்டி ஆணியில் மாட்டுங்கள். பின்னலுக்குள் ஆணி இறக்கக் கூடாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. நான் அடித்த பிறகு கேட்டேன், அந்தப் பேச்சு நீண்டுவிட்டது.

அளவைகளுக்குச் சுவர் வேண்டாம், ஒரு பலகை போதும். ஆழாக்கு, உழக்கு, உரி, படி: ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரண்டு மடங்கு. அந்தக் கணக்கே வரிசைக்கு அழகைக் கொடுத்துவிடுகிறது. பக்கத்தில் காட்பாடியை அடுத்த கரிகிரியில் செய்யும் கறுப்பு மண்பாண்டம் ஒன்றை வைத்தால் பித்தளையின் மஞ்சள் இன்னும் எடுப்பாக இருக்கும்.

கூடைக்குள் செடி வைக்க ஆசைப்படுபவர்கள் தொட்டியை அடித்தட்டோடு சேர்த்து உள்ளே இறக்குங்கள். மண்ணை நேராகக் கொட்டினால் ஒரு மழைக்காலத்தில் அடி இற்றுவிடும். தரையில் வைக்கும் கூடைக்குக் கீழே இரண்டு கட்டைத் துண்டு கொடுங்கள், கரையான் ஏறினால் சட்டென்று கண்ணில் படும்.

ஐந்தாம் படி: பராமரிப்பு

மேற்குச் சன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். மாலை வெயில் ஓலையை வெளுத்துவிடும். வாரம் ஒரு முறை காய்ந்த பிரஷால் தூசி தட்டுங்கள். கோடையில் மூங்கில் உலர்ந்து நொறுங்கும்போல் தெரிந்தால் பனித்தூவல் போல லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஆறவிட்டு மாட்டுங்கள். மெழுகிய முறத்துக்கு மட்டும் தெளிக்காதீர்கள். எங்கள் முறத்தைப் பொங்கலன்று ஆணியிலிருந்து இறக்கி அரிசி புடைக்கிறோம். போன முறை ஓரத்தில் பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது, மறுபடி வெந்தயம் ஊற வைத்திருக்கிறேன்.