மாடி ரூமை வாடகைக்கு விடும்போது வரியில் செய்யும் தவறுகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் இரண்டு ரூமை, வாரக்கடைசியில் சென்னை, பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. முதல் வருடம் ரிட்டர்ன் போடும்போது பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு, புக்கிங் ஆப்பிலிருந்து வந்த வரவையெல்லாம் கூட்டி, அதுதான் வருமானம் என்று எழுதிவிட்டேன். அப்புறம் வருமான வரி போர்ட்டலில் ஏஐஎஸ்ஸை (நம் பெயரில் வந்த வரவுகளைக் காட்டும் பட்டியல்) இறக்கிப் பார்த்தால் என் பெயரில் இருந்த தொகை வேறு, நான் எழுதியது வேறு. திருத்திய ரிட்டர்ன் போட்டு, வித்தியாசத்துக்கு வட்டியோடு கட்டினேன். இன்றைக்கும் தெருவில் பாதிப் பேர் இதே மாதிரிதான் கணக்குப் போடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு புக்கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவுக்கு 3,000, இரண்டு இரவுக்கு 6,000 ரூபாய். இதற்கு மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 300 ரூபாயையும் கெஸ்ட் கட்டுகிறார். ஆப் கம்பெனி தன் கமிஷன், அதற்கான வரி எல்லாம் சேர்த்து 900 எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆப் கம்பெனியே பிடித்துக் கட்டும் வருமான வரியான டிடிஎஸ் 0.1 சதவீதம், அதாவது 6 ரூபாய். உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழுவது 5,094. ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் உங்கள் வாடகை 6,000 ரூபாய். அந்த 300 உங்கள் பணமே இல்லை. அந்த 6 ரூபாய் நீங்கள் முன்கூட்டியே கட்டிய வரி, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். (2024 அக்டோபருக்கு முன்னால் இந்த டிடிஎஸ் 1 சதவீதமாக இருந்தது. பான் கொடுத்திருந்து, வருடத்துக்கு 5 லட்சத்துக்குள் இருந்தால் பிடிக்கமாட்டார்கள். பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம் போய்விடும்.) டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதற்காக அது வருமானம் இல்லை என்று ஆகிவிடாது.

என் மனைவி இப்போது ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு புக்கிங்குக்கும் ஒரு லைன் எழுதுகிறாள்: தேதி, எத்தனை இரவு, கெஸ்ட் கட்டியது, கமிஷன், கைக்கு வந்தது, சாப்பாட்டுக்குத் தனியாக வாங்கியது. மாதக் கடைசியில் ஆப்பின் ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகாது.

சாப்பாட்டுக் காசை ஏன் தனியாக எழுத வேண்டும்? இங்கேதான் இரண்டாவது பெரிய குழப்பம். முன்பெல்லாம் நிறையப் பேர் வீட்டு வாடகையை வியாபார வருமானம் என்று காட்டி, பெயின்ட் அடித்தது, ஏசி சர்வீஸ், பெட்ஷீட், வேலைக்கார அம்மாவின் சம்பளம், கட்டடத் தேய்மானம் என்று எல்லாவற்றையும் கழித்துவிடுவார்கள். 2024-ல் வந்த சட்டத் திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது. குடியிருப்பு வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ உரிமையாளர் வாடகைக்கு விட்டால், அது வீட்டுச் சொத்து வருமானம்தான். அந்தத் தலைப்பில் நீங்கள் கட்டிய வீட்டு வரி, அப்புறம் மீதியில் 30 சதவீதம், அப்புறம் வீட்டுக் கடன் வட்டி, இவ்வளவுதான் கழியும். நிஜத்தில் என்ன செலவு செய்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள், கமிஷன் உட்பட எல்லாச் செலவும் அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே அடக்கம். கமிஷனைக் கழித்துவிட்டு மிச்சத்தில் மறுபடி 30 சதவீதம் கழிப்பது ஒரே செலவை இரண்டு தடவை கழிப்பது. நான் முதல் வருடம் செய்தது அதைத்தான்.

காலையில் போட்டுக் கொடுக்கும் இட்லி, பொங்கல், சைக்கிள் வாடகை, பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவரும் கார் இதெல்லாம் வீட்டு வாடகை இல்லை. இதைத் தனியாக எழுதி வைத்தால் அதற்கு ஆன அரிசி, காஸ், பெட்ரோல் செலவை அதிலேயே கழிக்க முடியும். எல்லாவற்றையும் ஒரே தொகையாக வாங்கினால் அந்த வசதியும் போய்விடும். ஆள் வைத்து, ரிசப்ஷன் போட்டு லாட்ஜ் மாதிரியே நடத்துகிறீர்கள் என்றால் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசாமல் எந்தத் தலைப்பிலும் எழுதாதீர்கள். ஒயிட் டவுனில் அடுத்தவர் வீட்டை லீசுக்கு எடுத்து டூரிஸ்டுக்கு விடுகிறவர்களுக்கும் இந்த 30 சதவீதம் கிடையாது, அவர்கள் உரிமையாளர் இல்லையே.

வீட்டில் ஒரு பகுதியைத்தான் விடுகிறோம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மொத்த வீடு 1,500 சதுர அடி, மாடி ரூம்கள் 500 என்றால் வீட்டு வரியிலும் கடன் வட்டியிலும் மூன்றில் ஒரு பங்குதான் வாடகைக் கணக்குக்கு வரும். வருட வாடகை 6 லட்சம், கட்டிய வீட்டு வரி 9,000, வட்டி 1,50,000 என்று வையுங்கள். 6,00,000-ல் 3,000 போக 5,97,000. அதில் 30 சதவீதமான 1,79,100 போக 4,17,900. வட்டியில் நம் பங்கு 50,000 போக 3,67,900. இதுதான் மற்ற வருமானத்தோடு சேர வேண்டியது. வீட்டு வரியை அந்த வருடத்துக்குள் உண்மையாகவே கட்டியிருக்க வேண்டும், பாக்கி வைத்துவிட்டுக் கழிக்க முடியாது.

12 லட்சம் வரை வரியே இல்லையாமே, நான் எதற்கு ரிட்டர்ன் போட வேண்டும் என்று கேட்கிறார்கள். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை கிடைப்பது தள்ளுபடி. அடிப்படை வரம்பு 4 லட்சம்தான், அதைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும், போட்டால்தான் பிடித்த டிடிஎஸ்ஸும் திரும்ப வரும்.

பணம் யார் ஜிபேக்கு வந்தது என்பது முக்கியமில்லை, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். வீடு அப்பா பெயரில் இருக்க, மகன் கணக்கில் வாங்கி மகன் ரிட்டர்னில் காட்டுவது தவறு. அண்ணன் தம்பி பங்கு பிரித்து எழுதியிருந்தால் அவரவர் பங்குக்கு அவரவர் கட்ட வேண்டும். நம்ம ஊரில் பாதிக் குடும்பத்தில் ஒருவராவது பிரான்சில் இருக்கிறார். அவர் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டாலும், இங்கே இருக்கும் வீட்டின் வாடகைக்கு இங்கே வரி உண்டு, இரு நாட்டு வரி ஒப்பந்தமும் அதைத்தான் சொல்கிறது. வெளிநாட்டில் குடியிருக்கும் அண்ணன் வீட்டை நீங்கள் வாடகைக்கு எடுத்து நடத்தினால், அவருக்கு அனுப்பும் வாடகையில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. சொந்தத்துக்குள் நடக்கிற விஷயம் என்று இதை விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள், நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஜிஎஸ்டிக்கு வருவோம். ஒரு ரூமுக்கு ஒரு நாளைக்கு 7,500 வரை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், அதற்கு மேல் 18. உங்கள் மொத்த வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆப் மூலம் வரும் புக்கிங்குக்கு ஆப் கம்பெனியே வாங்கிக் கட்டிவிடும். போனில் நேரடியாக புக் செய்கிறவரிடம், பதிவு இல்லாத நீங்கள் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்கினால் அதற்கு அபராதம் உண்டு. அந்த 20 லட்சத்தை எண்ணுவதிலும் தவறு நடக்கிறது. அது ரூம் வாடகை மட்டும் இல்லை, உங்கள் பானில் வரும் எல்லா வாடகை, வியாபார வரவும் சேர்ந்தது. நேரு வீதியில் ஒரு கடை மாதம் 70,000 வாடகைக்கு விட்டிருந்தால் அதிலேயே 8,40,000. ரூமில் 12 லட்சம் வந்தால் 20,40,000, வரம்பு தாண்டியாகிவிட்டது.

பதிவு செய்யும்போது எல்லையையும் பாருங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், ஆரோவில் பக்கத்துக் குயிலாப்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். தெற்கே முள்ளோடையைத் தாண்டினால் கடலூர். பாண்டிச்சேரி என்று விளம்பரம் போட்டாலும் வீடு நிற்கும் மண் தமிழ்நாடு என்றால் பதிவு எண் 33-ல் ஆரம்பிக்க வேண்டும், புதுச்சேரி என்றால் 34. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை வைத்து அது முடிவாவதில்லை. இரண்டு பக்கமும் ரூம் விடுகிற ஒருவர் இரண்டு எண்ணும் வாங்க வேண்டும். 20 லட்சத்தை எண்ணும்போது மட்டும் இரண்டு பக்கத்து வரவும் ஒன்றாகவே சேரும்.