முழங்கால் கட்டியும் அவசரக் கத்தியும்

தோலுக்கடியில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டியோ நீர்க்கட்டியோதான். அந்த நினைப்பிலேயே சினோவியல் சார்கோமா கோட்டை விடப்படுகிறது. பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள், கை கால்களில், அதிலும் முழங்காலை ஒட்டி வரும் அரிய புற்றுநோய் இது. (பெயரைப் பார்த்து மூட்டுச் சவ்வில் முளைக்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயரே பழைய தவறு.)

“ரெண்டு வருஷமா அப்படியேதான் இருக்கு, ஒண்ணும் இருக்காது” என்பார்கள். இந்தக் கட்டி மெதுவாகத்தான் வளரும், வருடக்கணக்கில் சும்மா கிடப்பதும் உண்டு. 5 செ.மீ.க்கு மேல் போனால்தான் சந்தேகம் என்ற கணக்கும் உதவாது, சிறியதிலும் இது இருக்கலாம். புற்றுக்கட்டி வலிக்காது என்ற நம்பிக்கையும் இங்கே பொய்க்கும்; சிலருக்கு வலிதான் முதலில் வருகிறது, கட்டி அப்புறம்தான் கைக்குத் தட்டுப்படும்.

எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால் பழைய அடி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு இந்தப் புள்ளிகள் இருக்கும். எம்ஆர்ஐயிலும் இது நீர்க்கட்டி போலவே ஏமாற்றக்கூடும். அதனால் படத்தில் வேறுபாட்டைக் காட்டும் மருந்தை (கான்ட்ராஸ்ட்) நரம்பில் செலுத்தி எடுத்த படம் தேவை. உள்ளே வெறும் நீர் என்றால் மருந்தை ஏற்காது, சதை என்றால் ஏற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஸ்கேன்கூட எடுக்காமல் “சின்னக் கட்டிதானே” என்று அறுத்து எடுப்பது. புற்றணுக்கள் சுற்றியுள்ள தசையில் தங்கிவிடும். மறுபடி அதைவிட அகலமாக வெட்ட வேண்டி வரும். முதலில் எம்ஆர்ஐ, பிறகு தடித்த ஊசியால் பயாப்ஸி, கத்தி அதற்கு அப்புறம்தான். மெல்லிய ஊசியில் உறிஞ்சும் சில செல்கள் பெரும்பாலும் போதாது. ஊசி எங்கே குத்துவது என்பதையும் கடைசி அறுவை சிகிச்சையைச் செய்யப்போகிற மருத்துவரே தீர்மானிப்பது நல்லது, ஏனென்றால் பொதுவாக ஊசி போன தடத்தையும் சேர்த்தே அகற்றுவார்கள்.

நுண்ணோக்கியிலும் குழப்பம் தீராது. நூற்கும் கதிர் போல் நீண்டு முனை கூர்ந்த செல்கள் மட்டும் தெரிந்தால் வேறு பல கட்டிகளும் அப்படியே இருக்கும். எக்ஸ் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டு உண்டாகும் எஸ்எஸ்18 மரபணு இணைவு, ஏறக்குறைய எல்லா சினோவியல் சார்கோமாக்களிலும் இருக்கிறது. அதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பயாப்ஸி திசு வைத்த கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) திசு பதித்த மெழுகுக் கட்டையையும் (பிளாக்) ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.