கொள்ளுத்தாத்தா வந்த கப்பலைத் தேடுகிறீர்களா? மனசு சொல்வதையும் ஏஐ சொல்வதையும் இப்படிச் சோதியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் ஆட்களிடம் "உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள், ட்ரூரோ என்ற பதில் அடிக்கடி வரும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்த முதல் கப்பல் அது, அதில் இருந்தவர்கள் 342 பேர்தான். 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்களோ 1,52,184 பேர். எல்லார் வீட்டுத் தாத்தாவும் ட்ரூரோவில் ஏறியிருக்க வழியே இல்லை. காதுக்குப் பழகிய பெயர் என்பதால் மனசு உடனே சரி என்று தலையாட்டுகிறது, அவ்வளவுதான்.

சாட்ஜிபிடியும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் தடுக்கி விழும். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்துத்தான் அது வாக்கியத்தைக் கோக்கிறது, யாரும் அதிகம் எழுதாத உங்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் பொருத்தமாகத் தெரிகிற ஒரு கப்பல், ஒரு ஊர், ஒரு வருடம் எல்லாம் தடங்கலே இல்லாமல் வந்து விழும். 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வக்கீல்கள் காட்டிய முன்தீர்ப்புகளில் பல எங்கேயுமே இல்லாதவை என்று தெரியவந்ததே, அதற்கும் ஏஐயின் இதே கோளாறுதான் காரணமாக இருக்க வேண்டும்.

அதனால் ஏஐயைத் திறப்பதற்கு முன்னால் ஆயா, பெரியப்பா, அத்தை சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். யார் சொன்னது, அவர் நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள், ஏனென்றால் ஏஐயின் பதிலை ஒருமுறை படித்துவிட்டால் நம் நினைவும் அதற்கேற்ப வளைந்து, ஆயா சொன்னது இதுதான் என்றே தோன்ற ஆரம்பித்துவிடும்.

அப்புறம் ஏஐக்கு அது நன்றாகச் செய்கிற வேலையைக் கொடுங்கள். நம் பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாக்கள், முனுசாமி என்பவர் மூன்சாமி ஆனது அப்படித்தான். "முனுசாமியை அந்தக் காலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள்?" என்று கேட்டால் நமக்குத் தோன்றாத எழுத்துக்கூட்டல்களும் கிடைக்கும். எந்தக் கப்பல் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்தக் கேள்விக்குக் கப்பல் பட்டியல்தான், அதாவது ஒப்பந்தத்தில் வந்தவர்களைக் கப்பல்வாரியாக எழுதிவைத்த பதிவேடுதான் பதில் சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொருவருக்கும் காலனி எண் என்று ஒரு பதிவு எண் உண்டு, அதோடு அப்பா பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் இருக்கும். பழைய பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களிலும் சில சமயம் அந்த எண் கிடைக்கும். சொந்தக் காசில் பயணம் செய்தவர்கள் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள்.

உள்ளுணர்வுக்கு மதிப்பு இங்கேதான் வருகிறது. வருடக்கணக்காக இந்தப் பட்டியல்களைப் பார்த்தவர் ஒரு பதிவைக் கண்டதும் "இவர் இல்லை" என்பார். மூத்த மகன் பிறந்த வருடத்தோடு வயது இடிக்கும், இல்லையென்றால் கூடவே வந்ததாகச் சொல்லும் தம்பி அடுத்த எண்ணில் இருக்க மாட்டார். இதையெல்லாம் அவர் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை, பார்த்ததுமே உறுத்துகிறது. உள்ளுணர்வைப் பற்றி நேர் எதிரான கருத்து கொண்டிருந்த டேனியல் கானமன், கேரி க்ளைன் என்ற இரு உளவியலாளர்கள் 2009இல் சேர்ந்து எழுதியதும் இதையொட்டித்தான்: விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், தன் கணிப்பு சரியா தப்பா என்று அந்த ஆளுக்குத் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளுணர்வை நம்பலாம். முதல்முறை தேடுகிற நமக்கு வருகிற "இவர்தான்!" என்ற சிலிர்ப்பில் ஆசைதான் அதிகம், எனவே பழகியவர் ஒருவரிடம் பதிவைக் காட்டிக் கேளுங்கள், எது உறுத்துகிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள், பிறகு அந்த ஒரு விவரத்தைத் தாளில் தேடுங்கள்.

அப்பா பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்தும்வரை அந்தப் பெயரைப் பென்சிலிலேயே வைத்திருங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.