தெர்மல் கேமராவுக்குத் தெரியாமல் ஒரு வெந்நீர்ப் புட்டியை மறைக்கலாம்

தெர்மல் கேமரா வெளிச்சத்தை அல்ல, சூட்டைப் படமாகக் காட்டும். அதனால் பொருளைக் குளிரவைத்தால் மறைந்துவிடும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். ஆனால் பின்னாலுள்ள சுவரைவிடக் குளிர்ந்தால் கருப்புத் திட்டாக இன்னும் பளிச்சென்று தெரியும். பின்னணியின் வெப்பநிலையிலேயே நிற்கவேண்டும், அவ்வளவுதான். பிஏஇ சிஸ்டம்ஸ் 2011-ல் சிவி90 கவச வண்டியில் காட்டிய 'அடாப்டிவ்' ஓடுகளும் இதைத்தான் செய்தன. நமக்கு மேசையே போதும்.

பின்னால் ஓர் அட்டை, நடுவில் வெந்நீர்ப் புட்டி, முன்னால், கேமராவின் பக்கம், 10 செ.மீ. சதுர அலுமினியத் தகடு. தகட்டின் முதுகில் டிஇசி1-12706 பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சில்லு), அதன்மேல் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க், ஃபேன். சூடும் குளிரும் இரண்டும் வேண்டுமென்பதால் மின்சாரம் இரு திசையிலும் ஓடவேண்டும். அதற்கு, மின்சாரத்தின் திசையை மாற்றித்தரும் பிடிஎஸ்7960 டிரைவர். அதை இயக்க ஆர்டுயினோ, அதாவது நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்பலகை; இணைப்பு தெரிந்ததுதானே. ஹீட்சிங்க் இல்லாமல் மட்டும் மின்சாரம் கொடுக்காதீர்கள், பெல்டியர் கருகிவிடும்.

பெட்டியில் 12 வோல்ட் என்றிருந்தாலும் நான் 5 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. இடம்மாறும் வெப்பம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது, உள்ளேயே பிறக்கும் சூடோ அதன் வர்க்கத்தில். ஆகவே ஓர் அளவுக்கு மேல் கொடுத்தால் குளிரைச் சூடு ஜெயித்துவிடும்.

அடுத்ததுதான் என்னை ரொம்ப நேரம் உட்காரவைத்த இடம். தகட்டை அளந்தால் அட்டையின் அதே 30 டிகிரி. கேமராவிலோ யாரோ நிற்பதுபோல் ஒரு மஞ்சள் உருவம். நான்தான்! பளபளக்கும் அலுமினியத்தின் உமிழ்திறன் (தன் சூட்டைக் கதிராக வெளிவிடும் அளவு, அதிகபட்சம் 1) 0.1-ஐக்கூட எட்டாது, தன் சூட்டைக் காட்டாமல் எதிரில் நிற்பவரின் சூட்டைப் பிரதிபலிக்கும். எலக்ட்ரீஷியன் கருப்பு டேப்பை முழுக்க ஒட்டுங்கள், உமிழ்திறன் 0.95-க்குப் போய்விடும். அப்போதும் கேமராவைக் கொஞ்சம் சாய்த்தே பிடியுங்கள்.

தகட்டில் ஒன்று, அட்டையில் ஒன்று என்று இரண்டு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார். ஒவ்வொன்றும் ±0.5 டிகிரி வரை தவறலாம். ஆகவே முதலில் இரண்டையும் சேர்த்துக் கட்டி, நீர்புகா வகையாக இருந்தால் ஒரே தண்ணீரில் முக்கி, வித்தியாசத்தைக் குறித்து நிரலில் கழித்துவிடுங்கள். இரண்டின் வித்தியாசத்தைப் பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் நிரல்முறைதான் பிஐடி. அதில் மாற்றத்தின் வேகத்தைக் கவனிக்கும் 'டி' எண் பூஜ்யமாகவே இருக்கட்டும்.

கேமராவின் தானியங்கி வண்ண அளவையும் நிறுத்துங்கள். அரை டிகிரியைக்கூட அது தீப்பிடித்ததுபோல் காட்டும்.

பிற்சேர்க்கை: தகடு மறைந்தும் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் தெரிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஃபேன் காற்று அட்டையைச் சூடாக்குகிறது. காற்றை மேல்நோக்கித் திருப்பி, அட்டையை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளுங்கள்.